சீரியஸ் ரூமில் குங்குமம்

1962 ஜூலை 14, சனிக்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். வெளியே சாரல். குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, தொப்பியைக் குத்திக்கொண்டு ஐந்து இருபதுக்கு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தேன். ஸ்டவ்வுக்குப் பதினெட்டு முறை காற்றடித்தேன். முந்தின நாள் இருபத்திரண்டு. வாஷர் மாற்றியதன் பலன். ஐந்து முப்பதுக்குக் கத்தரி, இடுக்கி, ஊசிகளைக் கொதிக்க வைத்து ஐந்து ஐம்பதுக்கு எடுத்தேன். மடித்து வைத்திருந்த துணிச் சதுரங்களை டிரம்மில் அடுக்கி ஆவிப்பானைக்குள் இறக்கினேன். டிரம் என்பது மூடி போட்ட உருளைப் பெட்டி. ஆவியில் வெந்து கிருமி செத்த துணி, புண்ணைத் தொடும்வரை அதற்குள்தான் இருக்க வேண்டும். பிறகு ரப்பர் கையுறைகளில் மூன்று ஓட்டைகளுக்கு, சைக்கிள் டியூபுக்குப் போடுவது போலவே ஒட்டுப் போட்டுத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி என்பதும் இருக்கிறது.

தென்காசியில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய பதினெட்டுக் கட்டில் ஆஸ்பத்திரி அது. நான் அங்கே தலைமை நர்ஸ். என் மேஜைக்கு எதிரே மூன்று கட்டில்களோடு ஒரு அறை உண்டு. ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் என் கண் பார்வையிலேயே கிடக்க வேண்டும் என்பதற்காக ஒதுக்கிய அறை. பெரிய ஊர்களில் இப்போது இதற்கென்று தனி வார்டுகளே வருவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் ‘சீரியஸ் ரூம்’ என்றோம். வாசலில் ஏழு விதிகளை என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். முதல் விதி, உள்ளே வந்த நேரத்தையும் செய்த வேலையையும் உடனுக்குடன் எழுது. இரண்டாவது, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவு. மற்ற ஐந்தும் பார்வையாளர்களைத் திட்டுவதற்கு.

அந்த ஜூலையில் சீரியஸ் ரூமுக்குக் கெட்ட பெயர் வந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து அங்கே கிடந்த இரண்டு பேருக்கு அடுத்தடுத்துப் புண் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் ஈயைச் சந்தேகித்தார். நான் பார்வையாளர்களைச் சந்தேகித்தேன். மூன்றாவதாக வந்து படுத்தவர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். திங்கட்கிழமை குடல்வால் வெடித்து, மாட்டு வண்டியில் வந்தார். டாக்டர் வயிற்றைத் திறந்து கழுவி, ஓரத்தில் ஒரு ரப்பர் குழாயை விட்டுத் தைத்திருந்தார். மேல் துணியை நான் காலையும் மாலையும் மாற்றுவேன். உள்கட்டை ஏழாம் நாள், அதாவது ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரே பிரித்துப் பார்ப்பார்.

“சீழ் பிடிச்சிருந்தா தையல் விட்டுரும். வயிறு பலமாச் சேராது. அப்புறம் குனிஞ்சு அமுக்கித் தேய்க்கிற வேலை கிடையாது” என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார்.

எண்ணெய் தேய்ப்பது கைவேலை என்று நாம் நினைக்கிறோம். அவர்களைக் கேட்டால் வயிற்று வேலை என்பார்கள். உடம்பு பாரம் முழுவதையும் வயிற்றில் பிடித்துக் கை வழியாக இறக்க வேண்டும். அவருக்கு நாற்பது வயது. வேறு வேலை தெரியாது. மலையிலிருந்து அருவி இரைகிற நாளில், குற்றாலம் முழுவதும் முதுகுகளாக நிறைந்திருக்கும் சீசனில், அவர் தென்காசியில் மல்லாந்து கிடந்தார்.

பதினொரு மணிக்கு அவருடைய மனைவியும், கூடத் தொழில் செய்கிற நான்கு பேரும் வந்தார்கள். ஐவரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். நால்வரின் மேலும் நீர் நிற்காமல் உருண்டது, அவ்வளவு எண்ணெய். நான் வாசலில் கையை விரித்து மறித்தேன்.

“கை கழுவிட்டு உள்ள வாங்க.”

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “காலைலயே ஐந்தருவியில நின்னுட்டு வாரோம் சிஸ்டரம்மா. அம்புட்டும் மூலிகைத் தண்ணி. அதுக்கு மேல உங்க சோப்பு என்னத்தக் கழுவப் போவுது?”

“அருவி தலையில விழுந்துச்சு, சரி. அதுக்கப்புறம் பஸ்ஸுல கம்பியப் பிடிச்சீங்களா இல்லியா?”

“பிடிக்காம? விழுந்து நானும் ஒரு கட்டிலப் பிடிக்கணுமாக்கும்?”

நால்வரில் மீசை வைத்தவர் அவளுக்குத் துணைக்கு வந்தார். “பஸ் கம்பியிலயும் எங்க எண்ணெய்தான் சிஸ்டரம்மா. கிருமி ஏறுனாலும் வழுக்கி விழுந்துரும்.”

மற்ற மூவரும் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே “ஐயோ” என்று வயிற்றைப் பிடித்தார். தையல் போட்ட வயிறு இருமலைத் தாங்காது, தும்மலைத் தாங்காது, சிரிப்பைத் தாங்கவே தாங்காது. அதற்காக ஒரு தலையணையைக் கொடுத்து, எது வந்தாலும் அதை வயிற்றோடு அமுக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அவர் அமுக்கிக்கொண்டே கத்தினார்: “ஏலே, சிஸ்டரம்மா சொல்லுதாவள்லா, கழுவித் தொலைங்கலே! என்னச் சிரிக்க வச்சே கொன்னுருவீங்க போலுக்கு.”

கழுவினார்கள். கதவுக்குச் சற்று உள்ளே வைத்திருந்த பேசினில் எங்கள் ஆயா சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினாள். எண்ணெய்க் கையில் சோப்பு நிற்காமல் நழுவி இரண்டு முறை கட்டிலுக்கடியில் ஓடியது. மூன்றாவது முறைதான் நுரை வந்தது. மனைவி கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். நெற்றியில் வைக்க விடவில்லை. ஐந்தாம் விதி, வெளியிலிருந்து வந்த எதுவும் நோயாளி மேல் படக் கூடாது. பொட்டலத்தை என் மேஜை மேல் வாங்கி வைத்துக்கொண்டேன். “சாமிக்கும் சோப்புப் போடுவீங்களா சிஸ்டரம்மா?” என்று கேட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போனாள்.

அவர்கள் போனதும் நான் சற்று நிமிர்ந்தே உள்ளே போனேன். “பாத்தீங்களா? இப்படி நின்னாத்தான் இந்த ரூமக் காப்பாத்த முடியும்.”

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். “ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது.”

“சொல்லுங்க.”

“எனக்குச் சோலியே கை. ஆறு நாளா வேற பாக்க ஒண்ணும் இல்லாம இங்கன வாரவங்க கையத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எங்களுக்கு ஒரு வசதி உண்டு. எண்ணெய்க் கை எங்கன போச்சோ, எண்ணெயே காட்டிக் குடுத்துரும். என் துண்ட எவன் எடுத்தான், என் வெத்தலைப் பெட்டிய எவன் தொறந்தான்னு எனக்குத் தெரியும். உங்க கிருமிக்கு நெறமும் இல்ல, வழுவழுப்பும் இல்ல. அதான் ஆளாளுக்கு ஈன்னுதீங்க, அருவின்னுதீங்க.”

“அதுக்கு?”

“நெறம் குடுத்துப் பாப்பமே. மேஜை மேல குங்குமம் சும்மாத்தான கெடக்கு?”

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாக டைரி எழுதிவந்தேன். சோதனை என்ற ஒன்றை யாரும் அதுவரை என்னைச் செய்யச் சொன்னதில்லை. ஒரு பொட்டலம் குங்குமத்தால் என் உள்ளங்கால் வரை சிலிர்த்தது என்று எழுதினால் மிகையில்லை. எங்கே தடவலாம் என்று கேட்டேன்.

“அத நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது மேல சந்தேகமோ, அது மேல.”

எனக்குச் சந்தேகம் கதவுக் கைப்பிடி மேல். பார்வையாளர்கள் எல்லாரும் தொடுவது அதைத்தானே? ஆயாவின் தேங்காய் எண்ணெயில் நான்கு சொட்டு விட்டுக் குங்குமத்தைக் குழைத்தேன். மூன்று முப்பத்தைந்துக்குப் பித்தளைக் கைப்பிடியில் மெல்லிசாகத் தடவினேன். சாரல் இருட்டில் பித்தளையும் குங்குமமும் வேறாகத் தெரியவில்லை. பிறகு என் கையை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினேன். யாரிடமும் சொல்வதில்லை, இருவரும் வழக்கம்போலவே இருப்பது என்று ஒப்பந்தம். நானும் வழக்கம்போல அந்தக் கதவைத் திறந்து மூடித்தான் ஆக வேண்டும். ஐந்து மணிக்கு, மேல் துணியை மாற்றும்போது, விளக்கைப் போட்டுப் பார்ப்பது. பார்வையாளர்களைக் கையும் குங்குமமுமாகப் பிடிப்பேன் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

நான்கு மணிக்கு மனைவி மறுபடி வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நான் மறிக்கும் முன்பே பேசினில் கையை நீட்டினாள். இந்த முறை மடியில் சீயக்காய்ப் பொடி முடிந்து வந்திருந்தாள். “உங்க சோப்பு வேலைக்கு ஆவாது” என்று சொல்லி, பொடி போட்டு அரக்கித் தேய்த்தாள். நான்கு பத்துக்கு டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஆயா கால் மணிக்கொரு முறை போனாள், வந்தாள். நான் ஐந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதினேன், கையைக் கழுவினேன். கழுவிய கையை விரித்துக் கட்டிலில் கிடந்தவரிடம் காட்டினேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவர் தலையணையை மட்டும் வயிற்றுக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டேன்.

முதலில் மனைவிதான் வாயைத் திறந்தாள். “சிஸ்டரம்மா, வெத்தலை போட்டிருக்கீங்களா?”

“எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.”

“பெறகு வாயி ஏன் செவந்திருக்கு? காதுங் கூடச் செவந்திருக்கு. காதுலயா போட்டீங்க?”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலையணைக்குள் யாரோ பானையைக் கவிழ்த்தது போல. “சிரிக்கப்பிடாது!” என்று கத்தினேன். அது நிலைமையை மோசமாக்கியது. அந்த நேரம் பார்த்து டாக்டர் என்ன சத்தம் என்று கேட்க வந்தார். மூக்கின் நடுவில் சுத்தமான ஒரு பொட்டு. கண்ணாடியை ஏற்றிவிடும் இடம் அது. மார்பில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு விரல் சிவப்பு.

“என்ன சிஸ்டர், எல்லாரும் என் மூக்கையே பாக்கீங்க?”

ஆயா உள்ளே வந்தாள். அவள் இடுப்பில், சேலையைச் சொருகும் இடத்தில், ஐந்து விரலும் பதிந்திருந்தது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டிலில் கிடந்தவர் கண்ணை இறுக மூடி, தலையணையை இரண்டு கையாலும் அமுக்கி, “வெளிய போங்க, எல்லாரும் வெளிய போங்க, தையலு, தையலு” என்று கெஞ்சினார். டாக்டர் ஒரு நோயாளியின் அறையிலிருந்து நோயாளியின் உத்தரவுக்குப் பயந்து வெளியேறியதை அன்றுதான் பார்த்தேன். வராந்தாவில் போய் நான்கு பேரும் சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது, தைக்காத வயிறு. ஐந்து எட்டிலிருந்து ஐந்து பதினேழுவரை சிரித்ததாக டைரி சொல்கிறது.

பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, இனித்தான் தீர்ப்பு என்று விளக்கோடு அறையைச் சுற்றி வந்தேன். மனைவியின் கையைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடயம் இல்லை. அவள் கொண்டுவந்த சிவப்பு முழுவதும் பேசின் தண்ணீரில் சீயக்காயோடு மிதந்தது. டாக்டரின் சிவப்பு அவர் மேலேயே நின்றுவிட்டது. ஆயாவின் சிவப்பு சேலைக்கும் துடைப்பக் கம்புக்கும் போயிருந்தது. கட்டில் பக்கம் யாருடைய சிவப்பும் போகவில்லை, ஒருவருடையதைத் தவிர. நோயாளியின் காய்ச்சல் சீட்டில் ஐந்து இடத்தில் சிவப்பு. தெர்மாமீட்டர் கூட்டில் சிவப்பு. டிரம் மூடியில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெளிவாக, இரண்டு சிவப்பு. நான் இன்னும் அந்த மூடியைத் திறந்திருக்கவில்லை. ஐந்து மணித் துணியை எடுக்கத் தயாராகத் தொட்டு நகர்த்தி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

“என் கையத்தான் உங்ககிட்ட காட்டினேனே. சுத்தமா இருந்துதே?” என்றேன்.

“கை சுத்தம்தான் சிஸ்டரம்மா” என்றார் அவர். “காதுல இருக்கது?”

காதிலிருந்து பென்சிலை எடுத்தேன். மஞ்சள் பென்சில் பாதி சிவந்திருந்தது. கதவைத் திறக்கிறேன். முதல் விதி, நேரத்தை எழுதுகிறேன். இரண்டாம் விதி, கை கழுவுகிறேன். செய்யப்போகும் வேலையை எழுத, கழுவிய கையால் அதே பென்சிலை எடுக்கிறேன். கை இரண்டும் வேலையாக இருந்தால் உதட்டில் கவ்விக்கொள்கிறேன். பிறகு டிரம்மைத் திறக்கிறேன். மூன்று கட்டிலுக்கும் ஒரே பென்சில். எத்தனையோ காய்ச்சல்காரர்களின் சீட்டை எழுதிய பென்சில். அதைக் கழுவ வேண்டும் என்று ஏழு விதிகளில் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியவள் நான்.

வேறு யாருக்கும் இப்படி நேர்ந்திருக்காது. சோம்பேறி நர்ஸாக இருந்தால் நேரமே எழுதியிருக்க மாட்டாள்.

“இத எப்போ கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டாம் நாளே. சொன்னா நீங்க நம்புவியளா? என்னைய அஞ்சாம் விதியில சேத்திருப்பீங்க.”

மனைவிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள்தான் கணக்கைக் கேட்டாள். “அப்ப இந்த ஆறு நாளும் அவியளுக்கு அந்தக் கையிலதான் துணி மாத்துனீங்களா?”

“ஆமா.” திங்கள் மாலை ஒன்று, பிறகு நான்கு நாள் காலையும் மாலையும், அன்று காலை ஒன்று. பத்து முறை. சீழ் பிடித்த முந்தைய இருவரும் அப்போது என் கண் முன் வந்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஒருவர் எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆனது. அவர்களுக்கு வந்தது என் பென்சிலிலிருந்துதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியாது.

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உள்கட்டு பிரிக்கல. பெனிசிலின் ஊசி போட்டிருக்கோம். தப்பிச்சிருக்கவும் செய்யலாம். நாளைக்குத் தெரியும்.”

“நாளைக்கித்தான தெரியும்? இன்னைக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்குதீங்க?” என்றார் கட்டிலில் கிடந்தவர், என்னைப் பார்த்து. “காதத் தொடைங்க மொதல்ல. அதப் பாத்தா எனக்குத் திரும்பவும் வருது.” தலையணையைத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து ஐம்பதுக்கு மறுபடி ஸ்டவ் மூட்டினேன். எத்தனை முறை காற்றடித்தேன் என்று எழுதவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் அந்த இடம் டைரியில் காலி. டிரம், துணி, இடுக்கி, தெர்மாமீட்டர் கூடு, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தோ லைசால் மருந்துத் தண்ணீரில் முக்கித் துடைத்தோ எடுத்தோம். டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பைத் தானே ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார். அதற்கு முன் அவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. பென்சிலையும் கொதிக்க வைத்துப் பார்த்தேன். பசை விட்டு இரண்டாகப் பிளந்து, ஈயம் தனியாக அடியில் கிடந்தது. ஆயா அதை இடுக்கியால் தூக்கி, “செத்துருச்சு” என்றாள். மறுபடியும் சிரித்தோம். பயத்தோடு சிரிக்கும்போது சிரிப்பு இன்னும் அதிகமாக வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

பென்சில் செத்ததும் ஒரு கேள்வி வந்தது. கழுவிய கையால் நான் எதையும் தொடக் கூடாது. எழுதாமலும் இருக்கக் கூடாது. மருந்து போட்ட நேரம் தெரியாமல் போனால் அதுவும் ஆபத்து. டாக்டர் எழுதினால் டாக்டருக்கே புரியாது. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது.

“நான் எழுதுதேன்” என்றாள் மனைவி. “அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன். வாசலுக்கு வெளிய நின்னுக்கிடுதேன். உள்ள வரல, எதையும் தொடல. நீங்க சொல்லச் சொல்ல எழுதுதேன்.”

“சொல்லுதத மட்டும் எழுதணும்” என்றேன்.

“பின்ன? கதையா எழுதப் போறேன்?”

அன்று மாலைத் துணியை ஏழு மணிக்கு மாற்றினேன். காதில் ஒன்றும் இல்லாதது தலையின் ஒரு பக்கம் பாரம் குறைந்தது போல இருந்தது. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னேன், வாசலுக்கு வெளியே அவள் எழுதினாள். ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் வேலையாகச் சீரியஸ் ரூமுக்குப் போனோம். ஆயா கதவைத் திறந்து பிடித்தாள். நானும் டாக்டரும் கழுவிய கைகளை ஈரம் சொட்ட மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கும்பிட மறந்தவர்களைப் போல உள்ளே நுழைந்தோம். வாசலில் மனைவி நோட்டும் புதுப் பென்சிலுமாக நின்றாள். கட்டிலில் கிடந்தவர் தலையணையை மார்பில் அணைத்துக் கண்ணை மூடியிருந்தார். நான் டிரம்மைத் திறந்தேன். டாக்டர் உள்கட்டை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். கடைசித் துணி ஒட்டாமல், உலர்ந்த இலை போல, தனியாக வந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தையல் ஓரத்தை இடுக்கியால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுதத் தொடங்கினாள்.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அஞ்சாங் கிளாஸ் கையெழுத்தில், கோட்டை விட்டு மேலே ஏறி ஏறிப் போகிறது: ‘காலை மணி ஆறு பத்து. புண்ணு காஞ்சிருக்கு. சீழ் இல்ல. சிஸ்டரம்மா அழுதாவ. டாக்டர் சிரிக்காவ. அவியளும் சிரிக்காவ. தலகாணி இருக்கு.’